ஏழையின் துப்பாக்கியும் அரசின் சட்டமும்

சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்த மலைகளில் அவ்வப்போது ஒரே வகையான அறிவிப்பு ஒலிக்கிறது. கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, மேட்டூரை ஒட்டிய பாலமலை என்று இடம் மாறினாலும் செய்தி மாறுவதில்லை. உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை. நேரில் வரத் தயங்குபவர்கள் ஊர்ப் பொதுவிடத்தில் போட்டுவிட்டுப் போகலாம். பிறகு கோயில் திடலிலோ சாலையோரப் புதரிலோ குழல்கள் கிடக்கும். காவல்துறை அவற்றை எடுத்துச் செல்லும். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் அதே அறிவிப்பு வரும்.

இது ஏன் முடிவில்லாமல் தொடர்கிறது என்று கேட்டால், அதன் அடியில் வேறொரு பழைய கேள்வி இருப்பது தெரியும். விலை குறைந்த, எளிதில் செய்துவிடக்கூடிய துப்பாக்கியை மற்றத் துப்பாக்கிகளிலிருந்து பிரித்து, சட்டம் தனியாகத் தடுக்க வேண்டுமா? தடுத்தால் குற்றம் குறையுமா, அல்லது ஏழை மட்டும் ஆயுதம் இழப்பானா? அமெரிக்க மாநிலங்கள் இதே கேள்வியை மலிவு விலை ரிவால்வர்களை முன்வைத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவருகின்றன. நம் பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. பொருள் வேறு, கேள்வி ஒன்றுதான். இதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களையும் அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

ஆயுதம் என்றாலே கலகம்

முதல் பதில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியுடையது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் விட்டுக்கொடுத்தார்; அலெக்சாண்டர் ரீடு இங்கே முதல் கலெக்டரானார். கம்பெனியின் கையில் வந்த நாடு இரும்பு தெரிந்த நாடு. கஞ்சமலையின் தாதுவை ஊர் உலைகளில் உருக்கிய கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஏருக்குக் கொழு அடிக்கத் தெரிந்த பட்டறையிலிருந்து ஆயுதத்தைப் பிரிப்பது எளிதான வேலையாக இருக்கவில்லை.

தென்பாளையங்களில் நடந்த போர்கள் ஓய்ந்த பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர்களின் கோட்டைகளையும் ஆயுதங்களையும் ஒழிக்க ஆணையிட்டது. 1805இல் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். மக்கள் கையில் உள்ள ஆயுதத்தை நாளைய கலகமாகவே பார்க்கும் கண் அந்த ஆண்டுகளில் உறுதிப்பட்டது. 1857 எழுச்சியை அடுத்து வந்த சட்டங்கள் அந்தப் பார்வையை நாடு முழுவதற்கும் விரித்தன. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதை நிலையாக்கியது. நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

1878 சட்டம் துப்பாக்கியின் விலையையோ வகையையோ பெரிதாகக் கேட்கவில்லை. யார் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் கவலை. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் விலக்கு, மற்றவர்களுக்கு உரிமம். குடிமகனின் உயிர்ப் பாதுகாப்போ பயிர்ப் பாதுகாப்போ அதன் நோக்கத்தில் முதலிடம் பெறவில்லை. இந்தப் பதிலின் பெருங்குறை அதுதான். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: தென்னிந்தியச் சமவெளிகளில் இன்று துப்பாக்கி அரிதாக இருப்பதற்கு அந்த நெடிய ஆயுதக்களைவும் ஒரு காரணமாக இருக்கலாம். கொடுங்கோல் நோக்கத்தில் பிறந்த ஒரு நிலைமை பிற்காலத்தில் நன்மையாகவும் அமையக்கூடும்.

உரிமையாகக் கேட்டவர்கள்

இரண்டாவது பதில் தேசிய இயக்கத்திடமிருந்து வந்தது. பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ், ஆயுதச் சட்டம் தரும் இன்னல்களைச் சொல்லி அதைத் தளர்த்தக் கோரியது. 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைகள் திட்டத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்பதும் சேர்ந்தது.

விடுதலைக்குப் பிறகு இந்தக் குரல் தணிந்துவிட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத்தான் தருகிறது. ஆயுதம் யாரிடம் சேரும் என்பதில் அம்பேத்கர் காட்டிய எச்சரிக்கையை, ஊரில் ஏற்கனவே வலுத்தவன் கையில் துப்பாக்கியும் சேர்ந்தால் சேரியில் இருப்பவன் கதி என்ன என்று யோசிக்கும் எவரும் லேசாகத் தள்ள மாட்டார்கள்.

உரிமை வாதம் நீதிமன்றங்களில் பின்னரும் ஒருமுறை தலைதூக்கியது. 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று, ஆயுதம் வைத்திருப்பதை உயிர்வாழும் உரிமையோடு இணைத்துப் பேசியது. அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பிறகு அதை ஏற்கவில்லை. 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் உரிமமற்ற துப்பாக்கிகள் பற்றித் தானாக முன்வந்து விசாரணை தொடங்கிய உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கே அப்படியோர் அரசியலமைப்பு உரிமை இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. சட்டத்தின் நிலை தெளிவு: துப்பாக்கி உரிமம் ஒரு சலுகை.

1959: குழலின் நீளத்தை அளந்த சட்டம்

சலுகைதான் என்றாலும், அதை யாருக்கு எப்படித் தருவது என்பதில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் எழுத்தளவில் தாராளமானது. இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிகிற பகுதி இது.

1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, விண்ணப்பங்களை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில் மறுப்பதற்கான காரணங்கள் இல்லாவிட்டால் அதிகாரி உரிமம் வழங்கியாக வேண்டும். அந்த வகையில் மூன்று ஆயுதங்கள் வருகின்றன. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ பயன்படும், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வரியில்லாத துப்பாக்கி ஒன்று. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி இரண்டாவது. ரைபிள் கிளப் உறுப்பினர் குறிபார்த்துச் சுடப் பயன்படுத்தும் .22 ரைபிள் அல்லது ஏர் ரைபிள் மூன்றாவது. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வகை தரவும் இடமுண்டு. மற்ற எல்லாமே, ரிவால்வரும் பிஸ்டலும் உட்பட, இரண்டாம் வகை. அங்கே தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும்.

ஆகவே சட்டம் இயற்றியவர்கள் விலையை அளவுகோலாகக் கொள்ளவில்லை. மடியில் மறைத்துச் செல்ல முடியுமா, எதற்குப் பயன்படும் என்பதைத்தான் பார்த்தார்கள். நீளமான, மெதுவான, ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் பிடிக்கிற விவசாயியின் துப்பாக்கியை மிக எளிதாகக் கிடைக்க வேண்டிய ஆயுதமாக வைத்தார்கள். அதற்கும் மேலே போய், 14ஆவது பிரிவில் ஒரு துணைப்பிரிவு எழுதினார்கள்: போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி எவருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது. ஏழை என்பதால் துப்பாக்கி இல்லை என்ற காலனிய வழக்கத்துக்கு இந்திய நாடாளுமன்றம் எழுத்தில் முற்றுப்புள்ளி வைத்த இடம் அது.

நடைமுறை வேறு வழியில் போனது. 1983 முதல் வந்த திருத்தங்கள் பெரும்பாலும் பஞ்சாப் நெருக்கடியையும் பயங்கரவாதத்தையும் மனத்தில் வைத்தவை. ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு 1983இல் வந்தது. 2019 திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனை, குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு என்றிருந்தது. 2019க்குப் பின் குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு. சட்டவிரோதமாகத் தயாரிப்போருக்கும் விற்போருக்கும் ஏழாண்டிலிருந்து ஆயுள்வரை. 2016 விதிகள் விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்றன. காவல்துறை அறிக்கை, மாவட்ட நிர்வாகத்தின் விசாரணை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் ஆகியவை இதற்கு மேல்.

ஒவ்வொன்றையும் தனித்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி நாமக்கல் கலெக்டர் அலுவலகத்துக்கு நாலைந்து முறை வந்துபோகக் கூலியை இழக்க வேண்டிய ஒரு விவசாயிக்கு, சட்டம் தந்த எளிய உரிமம் எட்டாத உயரத்தில் இருக்கிறது. உள்துறை அமைச்சகம் வெளியிட்ட 2016 இறுதி நிலவரப்படி நாட்டில் இருந்த சுமார் 33.69 லட்சம் உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. தமிழ்நாடு துப்பாக்கி இல்லாமல் வாழப் பழகிய மாநிலம் என்று இதைப் படிக்கலாம். அது பெருமைக்குரியதும்கூட. ஆனால் மலையடிவாரங்களில் எண்ணிக்கையில் வராத துப்பாக்கிகள் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு ஒப்படைப்பு அறிவிப்பும் ஒப்புக்கொள்கிறது.

அமெரிக்க மாநிலங்கள் செய்து பார்த்தது

விலையையும் தரத்தையும் நேரடியாகச் சட்டத்தின் அளவுகோலாக்கிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. அங்கே பேச்சின் மையம் .22 ரிம்ஃபயர் தோட்டா சுடும் சிறு ரிவால்வர். தோட்டாவின் அடிப்பகுதி விளிம்பிலேயே பற்றவைக்கும் மருந்து இருப்பதால் அதன் செய்முறை எளிது, அழுத்தமும் குறைவு. அதனால் உயர்தர எஃகு தேவைப்படாமல், துத்தநாகக் கலவையில் வார்த்த உடலோடுகூடத் துப்பாக்கி செய்ய முடிந்தது. ஒருநாள் கூலிக்கு ஏறக்குறைய ஈடான விலையில் அவை விற்றன. ‘சனிக்கிழமை இரவுத் துப்பாக்கி’ என்ற வசைப்பெயரும் வந்தது.

1968இன் கூட்டரசுச் சட்டம், விளையாட்டுக்குப் பொருந்தாத துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. ரோம் என்ற ஜெர்மானிய நிறுவனம் உதிரிபாகங்களைக் கொண்டுவந்து மயாமியில் பொருத்தி விற்றது. 1981இல் ஜனாதிபதி ரீகனைச் சுடப் பயன்பட்டது அந்த நிறுவனத்தின் .22 ரிவால்வர்தான். இறக்குமதியைத் தடுத்தால் உள்நாட்டில் செய்வார்கள் என்பது இந்தச் சட்டத்தின் வெளிப்படையான ஓட்டை.

மாநிலங்கள் வேறு வழி தேடின. தென் கரோலினாவும் இல்லினாயும் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தன. மினசோட்டா வரம்பை 1,000 டிகிரியாக வைத்தது. மேரிலாந்து 1988இல் சட்டம் செய்து, ஒரு வாரியம் ஒப்புதல் தரும் பட்டியலில் உள்ள கைத்துப்பாக்கிகளை மட்டுமே விற்கலாம் என்றது. மக்கள் வாக்கெடுப்பிலும் அது நின்றது. கலிஃபோர்னியா 1999இல் கீழே விழுந்தால் வெடிக்காமை போன்ற பாதுகாப்புச் சோதனைகளைக் கட்டாயமாக்கியது. லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றியிருந்த மலிவுப் பிஸ்டல் ஆலைகளில் பல மூடின அல்லது இடம்பெயர்ந்தன.

இவற்றை ஆதரித்தவர்களின் வாதம் எளிது. மலிவுத் துப்பாக்கி எளிதில் கைமாறும், இளைஞர் கைக்குப் போகும், தரமில்லாததால் வைத்திருப்பவனையே காயப்படுத்தும். எதிர்த்தவர்கள் வரலாற்றைக் காட்டினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1879இல் டென்னசி மாநிலம் ராணுவ, கடற்படை வகைகளைத் தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடை செய்தது. அந்த விலை உயர்ந்த வகைகள் வெள்ளையர்களிடம் ஏற்கனவே இருந்தன. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு எட்டிய மலிவு வகை மட்டும் மறைந்தது. சட்டத்தின் சொற்களில் நிறம் இல்லை, விளைவில் இருந்தது. சட்டைப்பைக்குள் மறையும் ஆயுதத்தைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு என்பதால் இந்த வாதத்தைச் சற்று நிதானத்தோடுதான் ஏற்க வேண்டும்.

பலன் என்ன? மேரிலாந்துச் சட்டத்துக்குப் பின் துப்பாக்கிக் கொலைகள் ஓரளவு குறைந்ததாக 2002இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆனால் தடுக்கப்பட்ட மலிவுத் துப்பாக்கிக்குப் பதிலாக இன்னும் வலிமையான ஒன்றைக் குற்றவாளி வாங்கினால், காயம் மரணமாகும் வாய்ப்பு கூடும் என்ற மறுப்பும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. .22 தோட்டா உயிர்க்கொல்லிதான்; ஆனால் பெரிய தோட்டாக்களைவிட வலுக் குறைந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் முடிவான பதில் இன்னும் கிடைத்தபாடில்லை.

இந்திய அரசே விற்ற மலிவு ரிவால்வர்

இந்தியாவில் நிலைமை ஏறத்தாழத் தலைகீழ். 1980களின் நடுவில் தனிநபர் துப்பாக்கி இறக்குமதி மூடப்பட்ட பிறகு, உரிமம் பெற்றவர்களுக்குக் கைத்துப்பாக்கி விற்றவை நெடுங்காலம் பெரும்பாலும் அரசின் படைக்கலத் தொழிற்சாலைகளே. போட்டி இல்லாததால் விலை ஏறியது. கான்பூர் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கானது என்று சொல்லி வெளியிட்ட ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரின் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2012 டெல்லிப் பாலியல் வன்கொடுமையில் இறந்த, ‘நிர்பயா’ என்று அழைக்கப்பட்ட பெண்ணை நினைவூட்டும் பெயரில் ஒரு துப்பாக்கி விற்பதே தவறு என்று பெண்கள் அமைப்புகளிலிருந்து எதிர்ப்பு வந்தது. அதன் பின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை ‘நிடர்’ என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது: கால் கிலோ எடை, வரி நீங்கலாகச் சுமார் 35,000 ரூபாய். அமெரிக்க மாநிலங்கள் தடுக்கப் பாடுபட்ட அதே வகை ஆயுதத்தை, இங்கே அரசாங்கமே மலிவு என்று சொல்லி விற்றது.

ஆயினும் சேலத்து நெசவுத் தொழிலாளிக்கோ ராசிபுரத்து மரவள்ளி விவசாயிக்கோ 35,000 ரூபாய் மலிவு இல்லை. ரிவால்வருக்கான தக்க காரணத்தை நிறுவுவதும் எளிதில்லை. ஆகவே நம் சமவெளியில் கைத்துப்பாக்கி உரிமம் வசதியுள்ளவர்களிடமே போய்ச் சேர்கிறது. ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை வைத்து உரிமம் தரப்படுவதாகச் சட்டம் கருதுகிறது. நிதிநிலை அதற்கு முன்பே வடிகட்டிவிடுகிறது. 14ஆவது பிரிவு எழுதியவர்கள் தவிர்க்க நினைத்தது இதைத்தான்.

பயிரும் பன்றியும்

நாட்டுத் துப்பாக்கிக்குத் திரும்புவோம். காவல்துறையின் நிலைப்பாடு, உரிமமில்லாத எல்லாத் துப்பாக்கியும் ஒன்றே என்பது. இதற்கு வலுவான ஆதாரங்கள் உண்டு. போதையில் வந்த தகராறு, நிலத்தகராறு, இரவு வேட்டையில் மனிதனை விலங்கென்று நினைத்துச் சுட்டது, கெட்டிக்கும்போதே குழல் வெடித்தது: மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பால்ரஸ் குண்டுகளைத் திணித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி அருகில் நிற்பவரைக் கொல்லப் போதுமானது. மேட்டூருக்கு மேற்கிலுள்ள காடுகளில் 2004 அக்டோபர்வரை நீடித்த வீரப்பன் காலம், வேட்டைத் துப்பாக்கி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்ற அச்சத்தை இந்த மாவட்டங்களின் நிர்வாகத்தில் ஆழமாகப் பதித்தது. இன்னொரு புதிய வகையும் சேர்ந்திருக்கிறது. 2022 மே மாதம் ஓமலூர்ப் பகுதியில் நடந்த வாகனச் சோதனையில் இளைஞர்கள் சிலர் தாங்களே செய்த கைத்துப்பாக்கியோடு பிடிபட்டனர். வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. கருவியும் காணொளியும் இருந்தால் மலைக்கொல்லன் தேவையில்லை என்றாகிவிட்டது.

விவசாயிகளின் நிலைப்பாடு வேறு. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பகுதியில் மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம். மலைமேல் சாமை, தினை, அன்னாசி, கிழங்கு. இவை அனைத்தும் காட்டுப்பன்றிக்குப் பிடித்தவை. ஒரே இரவில் ஒரு கூட்டம் கிளறிவிட்டால் அந்தப் பருவம் போய்விட்டது. 1972 வனவுயிர்ச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, பயிருக்குக் கேடு செய்யும் விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தைத் தந்தாலும் அது மேலிடத்து அனுமதி. 2022 திருத்தம் காட்டுப்பன்றியை மூன்றாம் அட்டவணையிலிருந்து இரண்டாம் அட்டவணைக்கு மாற்றியது. அதே ஆண்டு கேரளம், ஊராட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட வழி செய்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் தூரத்தைக் கணக்காக்கியது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை பன்றியைத் தொடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுவரை பிடித்து விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டி வாழும் மலை விவசாயி முதல் வளையத்துக்குள்ளேயே இருக்கிறார். அவருக்கு இந்த ஆணை ஒன்றும் தரவில்லை.

உரிமம் பெற்ற சிலருக்கும் துப்பாக்கி எப்போதும் கையில் இருப்பதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் நடத்தை விதி வந்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2019இல் ஏப்ரலில் மக்களவைத் தேர்தல், டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். பயிருக்குத் தேர்தல் அட்டவணை தெரியாது.

இங்கேதான் கொள்கை விவாதங்களில் போதிய இடம் பெறாத ஒன்று வருகிறது. துப்பாக்கி போனால் பன்றியைத் தடுக்கும் தேவை போய்விடுவதில்லை. அந்த இடத்துக்கு அவுட்டுக்காய் என்ற, தீனிக்குள் வைக்கும் நாட்டுவெடி வருகிறது. திருட்டு மின்வேலி வருகிறது. பன்றிக்கு வைத்ததாகக் கருதப்படும் வெடி, 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்றின் வாயைச் சிதைத்துக் கொன்றது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மின்வேலியில் மூன்று யானைகள் மடிந்தன. இலங்கையின் வறண்ட மண்டலத்தில் பன்றிக்குப் பொருத்தும் கட்டுத்துவக்கு என்ற பொறித் துப்பாக்கி, அவ்வழியே நடந்துபோகும் மனிதர்களின் கால்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி ஏந்தியவன் எதைச் சுடுகிறோம் என்று ஒரு கணமாவது பார்க்கிறான். வேலியும் வெடியும் பார்ப்பதில்லை. நாட்டுத் துப்பாக்கிக்கு இது நற்சான்று இல்லை. ஆனால் அதை மட்டும் பிடுங்கும் கொள்கையின் முழுக் கணக்கில் இந்த உயிர்களும் சேர வேண்டும்.

வனவுயிர்ப் பாதுகாப்பாளர்களின் மறுப்பையும் இங்கே வைக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு என்று வாங்கும் துப்பாக்கி மானுக்கும் முயலுக்கும் திரும்பும். காட்டிறைச்சிக்குச் சமவெளியில் சந்தை இருக்கிறது. சரணாலய எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் உள்ள உரிமதாரர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று வனவுயிர்ச் சட்டமே கேட்பது இதனால்தான். இந்த அச்சம் ஆதாரமற்றதில்லை. ஆனால் பதிவேட்டில் உள்ள துப்பாக்கியைக் கண்காணிக்க முடியும். பரணில் ஒளித்ததைக் கண்காணிக்க முடியாது. இந்த வாதத்துக்குத் தக்க பதிலை நான் இதுவரை படித்ததில்லை.

குடகுக்கு ஒன்று, கொல்லிமலைக்கு ஒன்று

ஒப்பீட்டுக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. குடகு மக்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 1959 சட்டத்தின் 41ஆவது பிரிவின் கீழ் அது தொடர்கிறது, 2029வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அதைச் செல்லும் என்றது. மரபும் பண்பாடும் அங்கே காரணமாக ஏற்கப்பட்டன.

கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் கல்வராயனிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் வேட்டை மரபும் காட்டுவிளிம்பு வேளாண்மையும் உண்டு. ஆங்கிலேயருக்குப் படைத்துணையாக நின்ற வரலாறும் அரசியல் செல்வாக்கும்தான் இல்லை. விலக்கை இவர்களுக்கும் விரிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானாகப் பிறக்கும் முடிவன்று. குடகின் விலக்கைக் கைவிட வேண்டும் என்றும் ஒருவர் இதையே வைத்து வாதிடலாம். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு மலையில் பண்பாடாகவும் இன்னொரு மலையில் இரண்டாண்டுச் சிறையாகவும் ஒரே செயல் எண்ணப்படுவதற்கு, அதிகாரம் யாருக்கு அருகில் இருந்தது என்பதைத் தவிர வலுவான காரணம் தெரியவில்லை.

எஞ்சி நிற்பவை

இதுவரை பார்த்த நிலைப்பாடுகளில் விலையை அளவுகோலாக்குவதுதான் மிகப் பலவீனமானது என்று தோன்றுகிறது. அமெரிக்க அனுபவம் கலவையான பலனையே காட்டுகிறது. இங்கே அந்த அளவுகோல் எழுத்தில் இல்லாமலே நடைமுறையில் வேலை செய்து, சட்டத்தின் சொந்த வாக்குறுதியை வெறும் எழுத்தாக்கியிருக்கிறது. மறைத்துச் செல்லும் தன்மையையும் பயனையும் பார்க்கும் 1959இன் அணுகுமுறை அறிவார்ந்தது. அதற்குத் தேவை புதிய சட்டத்தைவிட, அதன் 13, 14ஆம் பிரிவுகள் மலையடிவாரத்தில் உண்மையாகவே இயங்குவது.

அது எப்படி என்பதில்தான் விவாதம் தொடங்க வேண்டும். ஒப்படைப்பு அறிவிப்போடு உரிமம் கோரும் முகாமும் மலைமேலேயே நடந்தால் என்ன ஆகும்? உரிமம் தனிநபருக்கா, ஊர்ப் பொதுவில் பூட்டிவைக்கும் துப்பாக்கிக்கா? வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதன் முதல் ஆபத்து அந்த வீட்டுப் பெண்ணுக்கே என்ற உலக அனுபவத்தை மலை ஊர்களில் எப்படிக் கணக்கில் எடுப்பது? குடிப்பழக்கம் உள்ள வீட்டுக்கு யார் மறுப்பது: காவல் நிலையமா, கிராம சபையா? பன்றியைச் சுடும் பொறுப்பை முழுவதும் வனத்துறையே ஏற்கும் என்றால், இரவு இரண்டு மணிக்குக் கிழங்குக் கொல்லையில் இறங்கிய கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு ஆள் வருவார்? ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளுக்குப் பிறகு அந்தந்த ஊரில் மின்வேலிச் சாவுகளும் அவுட்டுக்காய் வழக்குகளும் கூடினவா, குறைந்தனவா என்று காவல்துறை, வனத்துறை, மின்வாரியம் மூன்றின் பதிவேடுகளையும் ஊர்வாரியாக ஒருசேர வைத்துப் பார்க்கும் ஆய்வு, இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவருக்கும் முதல் தேவை.